அடிநாக்கில் பிறக்கும் எழுத்து

நாரை நிலையம். சூரியனின் மறுபுறம்.
குறிப்பு எழுதுபவர்: சு. கோமதிநாயகம், நிலையக் காப்பாளர்.

பிப்ரவரி 2, காலை 7.10

சூரியனில் புள்ளிக் கூட்டம் மூன்று. எதுவும் பெரிதில்லை. காற்று வடிகட்டி மாற்றினேன். தண்ணீர் சரி. தொலைநோக்கி இரண்டும் சரி.

இன்று எனக்குக் கதிர்வீச்சு தொடங்குகிறது. அதனால் இனி நிலையத்தோடு என் நாக்கைப் பற்றியும் எழுதுவேன். எனக்கு ஏதாவது ஆகி, பிறகு யாராவது வந்து இதை எடுத்தால் எல்லாம் தெளிவாக இருக்கவேண்டும். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். பாதி வகுப்பில் வந்து உட்காருபவருக்கும் புரியும்படி சொல்வது பழக்கம்.

இந்த இடத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். தேருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். தேர் சூரியன். அந்தப் பக்கம் நிற்பது பூமி. இந்தப் பக்கம் நான். இங்கே வந்ததிலிருந்து பூமியை நான் பார்த்ததில்லை. சூரியனின் முதுகில் புயல் கிளம்பினால் முன்கூட்டியே ஊருக்குச் சொல்வதுதான் வேலை. பேச்சு நேராகப் போகாது. பக்கவாட்டில் ஓர் அஞ்சல் கோள் நின்று வாங்கி அனுப்பும். நான் ஒன்று கேட்டால் பதில் வர ஏறக்குறைய ஒரு பீரியட், அதாவது முக்கால் மணி நேரம், ஆகும்.

ஓய்வுபெற்றவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள். விண்வெளிக் கதிர் உடம்பைக் கெடுக்க இருபது முப்பது வருடம் பிடிக்கும், அதற்குள் நாங்களே கிளம்பிவிடுவோம் என்ற கணக்கு. என் நோய் அதனால் வந்ததா, வேறு எதனாலா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அடிநாக்கில் புற்றுநோய். கொட்டைப்பாக்கு அளவு. எனக்கு மாற்று ஆள் வரும் கப்பல் அக்டோபரில்தான். அதுவரை காத்திருக்க முடியாது. மருத்துவ அறையில் கதிர்வீச்சுக் கருவி இருக்கிறது, அறுவை செய்யும் இயந்திரக் கை இருக்கிறது. ஆள்தான் இல்லை.

பிப்ரவரி 4, காலை 8.00

மூன்றாவது முறை முடிந்தது. வலி இல்லை. என் முகத்துக்கென்றே வார்த்த முகமூடியைப் போட்டுப் படுக்கவைத்து, அசையாமல் இரு என்கிறது கருவி. அவ்வளவுதான்.

கணிப்பானைப் பற்றிச் சொல்லவேண்டும். அதுவும் ஒரு கருவிதான், ஆனால் முடிவெல்லாம் அதன் கையில்.

ஒரே பாடம், ஒரே ஆசிரியர், நாற்பது பிள்ளைகள். மார்க் நாற்பது விதமாக வரும். கட்டிகளும் அப்படியே. ஒரே அளவு கதிர் கொடுத்தாலும் ஒருவருக்குக் கரைகிறது, இன்னொருவருக்கு அசைவதே இல்லை. ஊரில் சொல்வார்களே, ‘மருந்துக்குக் கேட்கிறது, கேட்கவில்லை’ என்று. என் கட்டி கேட்குமா என்பதை முழுச் சிகிச்சையும் முடியும் முன்பே சொல்வது கணிப்பானின் வேலை. காலாண்டுத் தேர்வைப் பார்த்து முழு ஆண்டு முடிவைச் சொல்வதுபோல.

ஏன் முன்பே சொல்லவேண்டும்? முழுக் கதிரும் ஏறிய சதையில் பிறகு கத்தி வைத்தால் புண் ஆறாது. ஆகவே நான்காவது வாரக் கடைசியில் முடிவெடுக்கவேண்டும். கேட்கிறது என்றால் ஏழு வாரமும் தொடரலாம். கேட்கவில்லை என்றால் அப்போதே நிறுத்திவிட்டு இயந்திரக் கை என் நாக்கை முழுவதுமாக எடுத்துவிடும்.

கணிப்பானுக்குச் சாட்சிகள் மூன்று. கழுத்து ஸ்கேன், இரத்தம், குரல். குரலுக்காகத் தினமும் ஒரு பத்தியை வாசிக்கிறேன். கிளம்புவதற்கு முன் பயிற்சி மையத்தில் இதே பத்தியை வாசித்து வைத்திருக்கிறேன். அன்றைய குரலோடு இன்றைய குரலை ஒப்பிட்டு, நாக்கு இறுகுகிறதா, தளர்கிறதா என்று பார்க்கும்.

பிப்ரவரி 9, மாலை 5.30

நாவில் ருசி போய்விட்டது. ரசமும் வெந்நீரும் ஒன்று.

எசக்கிமுத்துவிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். சங்கரன்கோவில்காரர், என்னைப்போலவே. அப்படியே பதிகிறேன் (கரண்டு என்றால் ஊரில் கதிர்வீச்சு):

“என்னவே, கரண்டு வைக்க ஆரம்பிச்சிட்டாங்களா? நல்லா வைக்கட்டும். அந்த நாக்கு முப்பது வருசமா எங்களுக்கு வச்ச கரண்டு கொஞ்சமா? ஒண்ணு சொல்லுதேன் கேளும். நீரு அனுப்புற பதில்ல ழகரத்தை அந்த உருட்டு உருட்டாதீரும். தமிழாம், மழையாம். மைக்கைக் கண்டா பிரேயர்ல நிக்கோம்னு நெனப்பு. டீக்கடைல உம்ம வாயில தமிள், மளை தவிர என்னைக்காவது வந்திருக்கா?”

உண்மைதான். எங்கள் பக்கத்தில் அது பிறவிப் பழக்கம். வகுப்பில் மட்டும் திருத்திப் பேசுவோம். பதில் அனுப்பும்போது பேச்சு வழக்கில் பேச முயன்றேன். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் நாக்கு தானாகவே நிமிர்ந்துகொண்டது.

பிப்ரவரி 14, காலை 9.40

தொண்டையில் எரிச்சல். மூன்று சாட்சிகளும் இதுவரை தெளிவாக எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் ஜொகராவின் செய்தி. பூமியிலிருந்து என் சிகிச்சையைக் கவனிப்பவர். மேலப்பாளையத்துப் பெண், அதுவும் எங்கள் பக்கம்தான்.

“சார், நாலாவது வாரம் கணிப்பான் ஒரு நம்பர் சொல்லும். கேக்கலைங்கிறதுக்கு எழுபதுக்கு மேல வந்தா யோசிக்காம நாக்கைக் கொடுத்துடுங்க. நாக்கு இல்லாட்டியும் நீங்க எழுதிக் காட்டுங்க, நான் பேசுவேன். நாக்கு இருந்து நீங்க இல்லைன்னா நான் யார்கூட சார் பேச?”

அந்தச் செய்தியை இரண்டாம் முறையும் கேட்டேன். பிறகு வடிகட்டி துடைக்கப் போனேன்.

பிப்ரவரி 17, பகல் 12.15

இரத்தம் பார்க்கும் கருவியின் குளிரூட்டி நின்றுவிட்டது. உள்ளே இருந்த மருந்துக் குப்பிகள் எல்லாம் கெட்டுவிட்டன. வேறு குப்பிகள் இல்லை. மூன்று சாட்சிகளில் ஒருவர் போய்விட்டார்.

பிப்ரவரி 18, மாலை 6.50

காலையில் சூரியனின் தென்மேற்கில் பெரிய வெடிப்பு. எச்சரிக்கை அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. இதற்காகத்தான் என்னை இங்கே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புயல் அஞ்சல் கோளின் மேலேயே விழுந்திருக்கிறது. மதியத்திலிருந்து அது பேசவில்லை. கையேட்டில் பார்த்தேன். தன்னைத்தானே சரிசெய்துகொண்டு திரும்ப எழ ஆறேழு வாரம் ஆகலாமாம்.

அதுவரை எந்தச் செய்தியும் வராது. போகாது.

பிப்ரவரி 23, காலை 8.20

வாய் முழுக்கப் புண். கஞ்சி, அதுவும் ஆறவைத்து. கதிர்வீச்சு வேலை செய்தாலும் இப்படித்தான் ஆகும், செய்யாவிட்டாலும் இப்படித்தான் ஆகும் என்று ஜொகரா முன்பே சொல்லியிருக்கிறார்.

ஸ்கேனில் கழுத்து வீங்கித் தெரிகிறது. வீக்கம் எது, கட்டி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்கிறது கணிப்பான். சேற்றுத் தண்ணீரில் கல்லைத் தேடுவதுபோல. இரண்டாவது சாட்சியும் கைவிரித்துவிட்டார். மிச்சம் குரல் மட்டும்.

பத்தி வாசித்தேன். யாரும் இல்லாத அறையில் வாழைத்தோட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் வாசிப்பது ஒரு மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் இந்த வாசிப்பை ஜொகரா ஊரிலிருந்து கேட்பார் என்ற நினைவு இருக்கும். இப்போது அதுவும் இல்லை. கடகடவென்று முடித்துவிடுகிறேன்.

பிப்ரவரி 26, மாலை 4.00

கணிப்பானின் அறிக்கை:

“சிகிச்சைக்குக் கட்டி கேட்கவில்லை என்பதற்கான வாய்ப்பு: நூற்றுக்கு 78. பரிந்துரை: கதிர்வீச்சை நிறுத்துதல், நாக்கு முழுவதையும் அகற்றுதல். நாள்: மார்ச் 1. நோயாளியின் ஒப்புதல் தேவை.”

எழுபதுக்கு மேல்.

கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வெள்ளை பூத்து, பாளம் பாளமாக வெடித்து, பரிதாபமாக இருந்தது. ஒளி விலகலைப் பற்றி இதைக்கொண்டு எத்தனை முறை பேசியிருப்பேன். தண்ணீர் டம்ளரில் பென்சிலை வைத்து, ஒடிந்து தெரிகிறதே, உண்மையில் ஒடிந்ததா என்று கேட்பேன். வகுப்பு முழுக்கக் கத்தும்.

ஒப்புதல் கொடுக்கத்தான் போகிறேன். அதற்கு முன் வழிமுறையைப் பார்க்கவேண்டும். வழிமுறை இல்லாமல் விடை மட்டும் எழுதிய தாளை நான் திருத்தியதில்லை.

பிப்ரவரி 27, காலை 10.10

குரலில் எது மாறியிருக்கிறது என்று எழுத்து வாரியாகக் கேட்டேன். கணிப்பான் கொடுத்தது.

ர மாறவில்லை. ற, ல, ள, ட எதுவும் மாறவில்லை. மாறியிருப்பது ஒரே எழுத்து, ழ. அதுவும் அஞ்சல் கோள் பேசாமல் போனதற்குப் பிறகு.

கணக்குத் தாளில் வகுப்பே ஒரு கேள்வியில் மட்டும் தவறினால் பிள்ளைகளைத் திட்டக்கூடாது, கேள்வியைப் பார்க்கவேண்டும். பார்த்தேன். பயிற்சி மையத்தில் வாசித்த பதிவைப் போட்டுக் கேட்டேன். அதிகாரிகள் நாலு பேர் நிற்கிறார்கள், நான் பிரேயரில் நிற்பதுபோல வாசிக்கிறேன். வாழை, மழை, கீழே, விழுந்தது. ஒவ்வொரு ழவும் அவ்வளவு சுத்தம். பிறகு நேற்றைய பதிவு. வாளை, மளை, கீளே, விளுந்தது.

சிரித்துவிட்டேன். புண்ணில் உப்புப் போட்டதுபோல் எரிந்தது.

என் நாக்கு இறுகவில்லை. ஊருக்குப் போயிருக்கிறது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் யாருக்காக உருட்டும்?

பிப்ரவரி 28, காலை 7.30

கணிப்பானிடம் சொன்னேன். அதன் பதில்:

“எனக்குக் கற்பிக்கப்பட்ட குரல்களில் பெரும்பாலானவை இந்த எழுத்து இல்லாத மொழிகளைச் சேர்ந்தவை. இதை அம்மொழிகளின் ரகரத்தோடு சேர்த்து வகைப்படுத்தியுள்ளேன். அந்த ஒலியில் அடிநாக்கு பின்னோக்கி இழுபடும்.”

அதாவது ழ மாறினால் அடிநாக்கு கெட்டுவிட்டது என்று அது முடிவு கட்டுகிறது. ஆனால் நம் ழ நுனிநாக்கை வளைத்துச் சொல்வது. என் நுனிநாக்கில் நோய் இல்லை.

எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்த அறை மரகதவல்லி டீச்சரின் தமிழ் வகுப்பு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. எந்த எழுத்து வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று அவர் ஆண்டுதோறும் நடத்துவதை நானும் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறேன். அடிநாக்கில் பிறப்பது க. அடிநாக்கு எழும்பி மேலே ஒட்டினால்தான் க வரும். என் கட்டி இருப்பதும் அங்கேதான். கட்டி கேட்காமல் இருந்தால் முதலில் அடிபடவேண்டியது க.

பார்த்தேன். க மாறவே இல்லை. பயிற்சி மையத்தில் எப்படியோ, நேற்றும் அப்படியே.

ழவை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடச் சொன்னேன்.

“கணிக்கப் போதிய தகவல் இல்லை.”

பிப்ரவரி 28, மாலை 6.00

நாள் முழுக்க யோசனை. தனக்குப் பிடிக்காத கேள்வியை நீக்கச் சொல்லும் மாணவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நாக்கு வேண்டும் என்பதால் நீக்குகிறேனா, கேள்வி தவறு என்பதால் நீக்குகிறேனா?

நோய் வருவதற்கு முன் நான் சாதாரணமாகப் பேசிய குரல் ஒன்று கிடைத்தால் போதும். அந்த ளவோடு இந்த ளவை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நிலையத்தின் நினைவகம் முழுக்கத் தேடினேன். இங்கே வந்த பதினைந்து மாதத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அறிக்கைகள். எசக்கிமுத்துவுக்கு அனுப்பியவையும் அறிக்கை மாதிரியே இருக்கின்றன. “நான் நலமாக இருக்கிறேன். மழை அங்கே எப்படி?” இவ்வளவு நாளில் நான் யாரோடும் பேசவே இல்லை. அறிவித்திருக்கிறேன்.

டீக்கடையில் பேசிய குரல் பூமியில் நாலு பேர் காதில் இருக்கும். அது தேருக்கு அந்தப் பக்கம்.

மார்ச் 1, காலை 8.00

ஒப்புதல் இல்லை என்று பதிந்தேன்.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். வெட்டுவதற்கு ஆதாரம் வேண்டும். இருந்த ஒரே ஆதாரம் தவறான வழிமுறையில் வந்தது. வழிமுறை தவறு, ஆகவே மதிப்பெண் பூஜ்யம். கதிர்வீச்சு தொடரும்.

இயந்திரக் கை மடங்கி உறைக்குள் போனது. சத்தமே இல்லை.

மார்ச் 12

பேச்சு வரவில்லை. புண் காரணம். தட்டச்சு செய்கிறேன். வாசிப்பு நிறுத்தம். மூக்குக் குழாய் வழியே சத்துநீர். எடை குறைவு. தொலைநோக்கி சரி.

பேசாமல் இருப்பது புதிதல்ல. பேச முடியாமல் இருப்பதுதான் புதிது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தண்ணீர் இல்லாத குழாயும் மூடிய குழாயும்போல.

மார்ச் 20

முப்பத்தைந்தாவது முறை. முடிந்தது. முகமூடியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். என் முகம் அங்கிருந்து என்னைப் பார்க்கிறது. திருப்பி வைத்தேன்.

ஏப்ரல் 6, காலை 9.00

புண் ஆறிவிட்டது. கஞ்சியில் உப்புத் தெரிந்தது. இன்று பத்தியை வாசித்தேன். பேசுவதைக் கேட்டு எழுதும் வசதியையும் போட்டுவைத்தேன்.

ழ எல்லாம் சுத்தம். வேண்டுமென்றே சொன்னேன்.

கீழே என்றேன். ‘ஈழே’ என்று எழுதியது. கடல் என்றேன். ‘அடல்’ என்று எழுதியது. கருவியில் கோளாறு என்று நினைத்து மெதுவாகச் சொன்னேன். அடல். அடல்.

க வரவில்லை. புண்ணால் என்று சொல்ல வழியில்லை. புண் இல்லை.

ஏப்ரல் 6, மாலை 3.30

ஸ்கேன் எடுத்தேன். வீக்கம் வடிந்துவிட்டது. கட்டி தெளிவாகத் தெரிகிறது. கொட்டைப்பாக்கு இல்லை இப்போது. பெருநெல்லிக்காய்.

எங்கே தவறினேன் என்று தேடினேன். கிடைத்தது. க மாறவில்லை என்றால் கட்டி இன்னும் பெரிதாகவில்லை என்றுதான் பொருள். கரைகிறது என்று பொருளில்லை. “போதிய தகவல் இல்லை” என்பதை “ஒன்றுமில்லை” என்று படித்துவிட்டேன்.

ழவைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சரி. கணிப்பான் வந்த வழி தவறு. ஆனால் அது எழுதிய விடை சரி. அப்படியும் நடக்கும். எத்தனை தாள்களில் பார்த்திருக்கிறேன், படிகள் எல்லாம் கோணல், கடைசி வரியில் சரியான எண். பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பேன். இங்கே அடுத்த தாள் இல்லை.

முழுக் கதிரும் ஏறிவிட்டது. இனி கத்தி வைக்க முடியாது. கப்பல் அக்டோபரில்.

ஏப்ரல் 9, காலை 11.20

அஞ்சல் கோள் எழுந்துவிட்டது. தேங்கிக் கிடந்த என் குறிப்புகள் எல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன, பழையது முதலில்.

ஒரு பீரியடுக்குப் பிறகு ஜொகரா:

“சார், இப்பதான் பிப்ரவரி படிச்சிக்கிட்டு இருக்கேன். அந்த ழ! நானும் மேலப்பாளையம்தானே, நான் பிடிச்சிருக்கணும். நாக்கைக் கொடுக்கலையே, நல்லவேளை. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இங்க எல்லாரும் கைதட்டினாங்க சார். மீதியையும் படிச்சிட்டு வரேன்.”

எழுந்து போய் ஜன்னல் மூடியைத் திறந்தேன். சூரியன். மூடினேன்.

ஏப்ரல் 9, பகல் 1.45

“சார். படிச்சிட்டேன்.”

நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம்.

“எசக்கிமுத்து சார் இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்காங்க. முழுசும் வாசிச்சிட்டாங்க. அறிக்கை வேண்டாம் சார். சும்மா பேசுங்க.”

பிறகு இன்னொரு குரல்:

“என்னவே. பேசும்வே. எப்பிடி வந்தாலும் சரி, நான் கேட்டுக்கிடுதேன்.”

ஏப்ரல் 9, பகல் 2.00
குரல் பதிவு. கேட்டது கேட்டபடி எழுத்தில்.

எச... இ.

நான் ஓமதி பேசுதேன். இங்...அ மளையெல்லாம் இல்லவே.

ஏ... உதா?

எச... இ. ஏ... உதாவே?